எமர்ஜென்சி ஹீட்: எப்போது போட வேண்டும்?

ப்ராஜெக்ட் வேலையாக அமெரிக்கா சென்ற முதல் குளிர்காலத்தில், வீட்டுச் சுவரில் இருந்த தெர்மோஸ்டாட்டில் 'எமர்ஜென்சி ஹீட்' என்ற நிலையைப் பார்த்தேன். கடுங்குளிருக்கானது என்று நினைத்துப் போட்டுவிட்டேன். அந்த மாத மின் கட்டணம் இரண்டு மடங்கானது!

இந்த நிலை ஹீட் பம்ப் உள்ள வீடுகளில்தான் இருக்கும். நம் ஊர் ஏசி அறையின் வெப்பத்தை வெளியே தள்ளுகிறது அல்லவா? ஹீட் பம்ப் அதற்கு நேர் எதிராக, வெளிக்காற்றின் வெப்பத்தை உள்ளே கொண்டு வருகிறது. குளிர்ந்த காற்றிலும் வெப்பம் உண்டு. மிதமான குளிரில் 1 யூனிட் மின்சாரத்திற்குச் சுமார் 3 யூனிட் வெப்பம் கிடைக்கும். குளிர் அதிகமானால் துணை ஹீட்டர் தானாகவே சேர்ந்துகொள்ளும். நீங்கள் எதையும் மாற்ற வேண்டாம்.

எமர்ஜென்சி ஹீட் போட்டால் பம்ப் நின்று, அந்த ஹீட்டர் மட்டும் ஓடும். பெரும்பாலும் அது மின்சார ஹீட்டர். 1 யூனிட்டுக்கு 1 யூனிட் வெப்பம்தான். விண்டோஸில் சேஃப் மோட் போல, பழுதானபோது சமாளிக்க மட்டுமே இது. வீட்டிற்கு வெளியே உள்ள பெட்டி ஓடாவிட்டாலோ, அதை மூடிய பனிக்கட்டி உருகாவிட்டாலோ இதைப் போட்டுவிட்டு உடனே மெக்கானிக்கை அழையுங்கள்.

அந்தப் பெட்டியிலிருந்து சில நிமிடங்கள் ஆவி வந்தால் பயப்படாதீர்கள். படிந்த பனியை அது தானே உருக்கிக்கொள்கிறது.