பழைய எம்ஜிபி காரை புதுசாக்கப் போறீங்களா? பெயின்ட்டுக்கு முன்னாடி இதைப் பாருங்க!

1962 முதல் 1980 வரை இங்கிலாந்தின் அபிங்டன் ஆலையில் தயாரான ஸ்போர்ட்ஸ் கார் எம்ஜிபி. 5 லட்சத்துக்கும் மேல் தயாரானதால் உதிரிபாகங்கள் இன்றும் கிடைக்கின்றன. புதுப்பிக்க நினைப்பவர்கள் பலர் இதைத் தேர்வு செய்ய இதுவும் ஒரு காரணம்.

முதல் எதிரி துரு

இந்தக் காருக்கு தனி சேசிஸ் கிடையாது. பாடியேதான் முதுகெலும்பு. கதவுக்குக் கீழே நீளமாகச் செல்லும் 'சில்' பகுதிதான், கூரையில்லாத ரோட்ஸ்டர் வளையாமல் தாங்குகிறது. வெளியே பளபளன்னு இருக்கும், உள்ளே அரிச்சுப் போயிருக்கும். அதை வெட்டி மாற்றும்போது கதவு வாசலில் இரும்புக் கம்பியால் முட்டுக் கொடுக்கணும். இல்லேன்னா பாடி தொய்ந்து, கதவே சரியாக மூடாது.

மொத்தமும் துரு என்றால்? பழைய அச்சுகளைக் கொண்டே 1988 முதல் புது பாடி ஷெல் தயாரித்து வருகிறது பிரிட்டிஷ் மோட்டார் ஹெரிடேஜ் நிறுவனம்.

இஷ்டத்துக்கு மாத்தலாமா?

அமெரிக்க விதிகளுக்காக 1974-ல் கறுப்பு ரப்பர் பம்பர் வந்தது. காரின் உயரமும் கூடியது. பலர் மீண்டும் குரோம் பம்பர் போட்டு உயரத்தைக் குறைக்கிறார்கள். 4 கியருக்குப் பதில் 5 கியர் பாக்ஸ் பொருத்துவோரும் உண்டு.

ஆனால் கவனம். பிரிட்டனில் 40 ஆண்டுகளைக் கடந்த காருக்கு 'எம்ஓடி' எனும் வருடாந்திரச் சோதனை தேவையில்லை. கடந்த 30 ஆண்டுகளில் பாடி, எஞ்சின் போன்றவற்றில் பெரிய மாற்றம் செய்திருந்தால் இந்தச் சலுகை போய்விடலாம். அசல் வடிவிலேயே பாடியை மாற்றினால் பிரச்னை இல்லை.

கழற்றிய பாகங்களைத் தூக்கிப் போட்டுடாதீங்க. நாளைக்கு காரை வாங்க வருபவர் முதலில் கேட்பது அதுவாகக்கூட இருக்கலாம்!