விளையாட்டுக் கணினியும் உறுப்புத் தெரிவும்

வீடு கட்டப் புகுவோன் முதற்கண் நோக்குவன இரண்டு. தன் கையிலுள்ள பொருள் ஒன்று. அவ்வீட்டில் வாழப்போவோரின் தேவை மற்றொன்று. இவ்விரண்டையும் நோக்காது, வாயிற் கதவின் வேலைப்பாட்டிற் பொருளைச் செலவிட்டு, அத்திவாரத்துக்கு வழியின்றி நிற்பவனை உலகம் நகைக்கும். தம் கையாலே விளையாட்டுக் கணினியொன்றை அமைக்க விரும்பும் இளைஞருட் பலர் இந்நிலையையே அடைகின்றனர். பெற்றோர் அரிதிற் சேர்த்த பணமோ, தாமே பகுதிநேர வேலை செய்து ஈட்டிய பணமோ ஒருமுறை பொருந்தாத உறுப்பொன்றிற் சென்றுவிடின் மீள்வது அரிது. ஆதலின், சிறு பொருள் கொண்டு முதன்முறையாகக் கணினி அமைப்போர் அதன் உறுப்புக்களை எம்முறையில் தெரிவு செய்தல் வேண்டும் என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

விளையாட்டுக் கணினி ஏழு உறுப்புக்களின் தொகுதியாம். கணித்தலைச் செய்யும் செயலி, கிராபிக்ஸ் காட் என வழங்கும் வரைவியல் அட்டை, மதர்போட் எனப்படும் தாய்ப்பலகை, ராம் எனப்படும் நினைவகம், விளையாட்டுக்களை நிலையாகத் தாங்கும் சேமிப்பகம், பவர் சப்ளை என்று கடைகளிற் கேட்டு வாங்கப்படும் வலுவழங்கி, இவையனைத்தையும் அடக்கும் பெட்டி என்பன அவை. உடலின் உறுப்புக்கள் போல இவை ஒன்றையொன்று சார்ந்து நிற்பன. ஓர் உறுப்பின் சிறப்பு மற்றோர் உறுப்பின் குறைவால் மறைக்கப்படும். இவ்வுண்மையை உணர்தலே நல்ல தெரிவின் முதற்படியாகும்.

தெரிவு திரையிலிருந்து தொடங்குதல் தகும். அகலத்தில் 1920உம் உயரத்தில் 1080உம் படப்புள்ளிகள் கொண்ட திரையில் மொத்தம் 2,073,600 புள்ளிகள் உள. அகலம் 2560, உயரம் 1440 ஆயின் அத்தொகை 3,686,400 ஆகும். இது முன்னையதன் ஏறத்தாழ 1.8 மடங்கு. அகலம் 3840, உயரம் 2160 ஆயின் சரியாக நான்கு மடங்காய் 8,294,400 ஆகும். ஒவ்வொரு படத்துக்கும் இத்தனை புள்ளிகளையும் வரைவியல் அட்டை தீட்டவேண்டியிருத்தலின், திரை பெருகப் பெருக அட்டையின் சுமையும் பெருகும். இனி, செக்கனுக்கு 60 படங்கள் வேண்டின் ஒரு படத்துக்குக் கிடைக்கும் காலம் 16.7 மில்லிசெக்கன், 144 படங்கள் வேண்டின் அது 6.9 மில்லிசெக்கனாகச் சுருங்கும். சிறு பொருள் உடையோர்க்கு 1920க்கு 1080 என்னும் அளவே பொருந்தும். எந்தத் திரை, எந்த விளையாட்டு, செக்கனுக்கு எத்தனை படம் என்னும் மூன்று வினாக்களுக்கும் விடையைத் தாளில் எழுதிக்கொண்ட பின்னரே கடைக்குச் செல்லல் வேண்டும்.

ஒரு படம் உருவாவதற்குச் செயலி, வரைவியல் அட்டை ஆகிய இரண்டின் உழைப்பும் வேண்டும். பந்து எத்திசையிற் செல்கின்றது, பகைவன் எங்கு நிற்கின்றான் என்பனவற்றைச் செயலி கணிக்கும். அக்கணிப்பைக் கொண்டு அட்டை படத்தைத் தீட்டும். அட்டை ஒரு படத்தைத் தீட்டும்போதே செயலி அடுத்த படத்துக்கான கணிப்பைத் தொடங்கிவிடும். எனவே இரண்டினுள் எது மெதுவானதோ அதுவே கணினியின் வேகத்தை வரையறுக்கும். செயலிக்கு 8 மில்லிசெக்கனும் அட்டைக்கு 20 மில்லிசெக்கனும் வேண்டும் எனக் கொள்வோம். அப்போது செக்கனுக்கு 50 படங்களே கிடைக்கும். பெரும்பொருள் கொடுத்து 5 மில்லிசெக்கனில் வேலை முடிக்கும் செயலியை வாங்கினும் 50 படங்களேயன்றி ஒன்றும் மிகாது. அப்பொருளை அட்டையிற் செலவிட்டு அதன் காலத்தை 10 மில்லிசெக்கனாகக் குறைப்பின் 100 படங்கள் கிடைக்கும். அட்டையின் காலத்தை மேலும் குறைத்து 8 மில்லிசெக்கனுக்குக் கீழே கொண்டுசெல்லின், அப்போது செயலியே தடையாய் நிற்கும்; 125 படங்களுக்கு மேற் செல்லாது. உறுப்புக்களின் சமநிலை என்று அறிந்தோர் கூறுவது இதனையே.

இச்சமநிலையை மனத்திற்கொண்டு பொருளைப் பங்கிடல் வேண்டும். திரையும் விசைப்பலகையும் நீங்கலாக, உள்ள பொருளை 100 பங்காக்கின், வரைவியல் அட்டைக்கு ஏறத்தாழ 40, செயலிக்கு 18, நினைவகத்துக்கும் சேமிப்பகத்துக்குமாக 18, தாய்ப்பலகைக்கு 12, வலுவழங்கிக்கு 8, பெட்டிக்கு 4 எனக் கொள்ளலாம். இது தொடக்கக் கணக்கேயன்றி மாறாத விதியன்று. சந்தை மாறுந்தோறும் பங்கும் மாறும். 2020 முதல் 2022 வரையான காலத்தில், நாணயம் அகழ்வோரின் வேட்கையாலும் உற்பத்திக் குறைவாலும் வரைவியல் அட்டைகளின் விலை மிக உயர்ந்தது. 2025ஆம் ஆண்டின் பிற்பகுதியிலோ, செயற்கை நுண்ணறிவுக்கான தரவு நிலையங்களின் தேவை மிகுந்தமையால் நினைவகத்தின் விலை பெரிதும் ஏறியது. ஆகவே பழைய பட்டியலொன்றை அப்படியே பின்பற்றாது, வாங்கும் நாளின் விலையைக் கொண்டு பங்கிட்டுப் பார்த்தல் அறிவுடைமையாகும்.

பொதுவாகக் கூறியதை ஓர் எடுத்துக்காட்டால் விளக்குவாம். ஏ.எம்.டி. நிறுவனத்தார் 2022ஆம் ஆண்டு ஏப்ரிலில் றைசன் 5 5600, றைசன் 5 5500 என்னும் இரு செயலிகளை வெளியிட்டனர். இரண்டுக்கும் ஆறு கருக்கள் உள; இரண்டும் ஒரே வகைத் தாய்ப்பலகையிற் பொருந்துவன. ஆயின் முன்னையது 32 மெகாபைற்று இடைநினைவும் பி.சி.ஐ. எக்ஸ்பிரஸ் நான்காம் பதிப்பு இணைப்பும் உடையது. பின்னையது 16 மெகாபைற்று இடைநினைவும் மூன்றாம் பதிப்பு இணைப்பும் மட்டுமே உடையது. மலிவு கருதிப் பின்னையதை வாங்கும் ஒருவர், அதே மலிவு கருதி 2022ஆம் ஆண்டு சனவரியில் வெளிவந்த றேடியன் ஆர்.எக்ஸ். 6500 எக்ஸ்.ரி. என்னும் அட்டையையும் வாங்குவாராயின் என்னாகும்? அவ்வட்டை நான்கு தடங்களால் மட்டுமே தாய்ப்பலகையோடு தொடர்புகொள்வது. நான்காம் பதிப்பில் அமைந்த தடங்கள் மூன்றாம் பதிப்பில் பாதி வேகமே தரும். அட்டையின் சொந்த நினைவகமும் 4 கிகாபைற்று அளவே ஆதலின், அது நிரம்பியவுடன் தரவுகள் அக்குறுகிய பாதையாலே வந்து செல்லவேண்டும். படம் தடைப்பட்டுத் தடைப்பட்டு ஓடும். தனித்தனியே நோக்கின் குறைந்த விலையுடைய இரு பொருள்கள், ஒன்றுசேர்ந்தபோது ஒன்றன் குறையை மற்றொன்று பெருக்குகின்றன. ஈண்டுப் பொருந்துவது றைசன் 5 5600உடன், 8 கிகாபைற்று நினைவகமுள்ள ஆர்.எக்ஸ். 6600 போன்ற அட்டையாகும். அண்மைக் காலத்து விளையாட்டுக்களுக்கு 8 கிகாபைற்றினுங் குறைந்த அட்டையை வாங்குதல் தகாது. இயலுமாயின் அதனினும் மிக்கதே நன்று.

செயலியின் பெயருக்குப் பின்வரும் எழுத்தையும் நோக்குதல் வேண்டும். இன்ரெல் செயலிகளில் எவ் என்னும் எழுத்தில் முடிவனவற்றுக்கு உள்ளமைந்த வரைவியல் ஆற்றல் இல்லை. றைசன் 5 5600உம் அத்தகையதே. ஆனால் 5600ஜி என்பதில் அவ்வாற்றல் உண்டு. அட்டையைச் சில திங்கள் கழித்து வாங்க எண்ணுவோர் ஜி என்னும் எழுத்துள்ளதைத் தெரிவரேல் அதுவரை கணினி இயங்கும். அஃதில்லாததை வாங்குவரேல் திரையில் யாதும் தோன்றாது.

தாய்ப்பலகையைப் பொறுத்தவரை, பொருந்துதலே முதன்மையானது. அழகொளி விளக்குகள் வேகத்தைக் கூட்டா. மேற்கூறிய செயலிகள் ஏ.எம்.4 என்னும் பொருத்தியில் அமைவன. 2022ஆம் ஆண்டு செப்ரெம்பரில் வந்த ஏ.எம்.5 பொருத்தியில் அவை அமையா, அது டி.டி.ஆர்.5 நினைவகத்தையே ஏற்கும். டி.டி.ஆர்.4 துண்டும் டி.டி.ஆர்.5 துண்டும் வெட்டு அமைந்த இடத்தால் வேறுபடுதலின் ஒன்றன் இடத்தில் மற்றொன்று புகாது. பி450 வகைப் பலகைகள் 2018ஆம் ஆண்டில் வந்தவை ஆதலால், பின்னெழுந்த செயலிகளை அவை அறிவதற்குப் பயோஸ் என்னும் அடிப்படை நிரல் புதுப்பிக்கப்பட்டிருத்தல் வேண்டும். இதனைக் கடைக்காரரிடம் கேட்டுத் தெளிந்த பின்னரே பணம் கொடுத்தல் நன்று. பி550 வகையோ நான்காம் பதிப்பு இணைப்பையும் தரும். 244 மில்லிமீற்றர் சதுரமான மைக்ரோ ஏ.ரி.எக்ஸ். பலகை பெரும்பாலும் விலை குறைந்தது. ஓர் அட்டையும் நான்கு நினைவகத் துண்டும் பொருத்துதற்கு அது போதும்.

நினைவகம் 16 கிகாபைற்று வேண்டும். அதனை ஒரே துண்டாக வாங்காது, 8 கிகாபைற்றுத் துண்டு இரண்டாக வாங்குதல் வேண்டும். டி.டி.ஆர்.4 3200 என்னும் துண்டொன்று செக்கனுக்கு 25.6 கிகாபைற்றுத் தரவைக் கடத்தவல்லது. இரு துண்டுகளை இரு வாய்க்கால்களில் அமைப்பின் அது 51.2 ஆகும். நான்கு இடங்களுள்ள பலகைகளில், பெரும்பாலும், செயலியிலிருந்து எண்ணும்போது இரண்டாம் நான்காம் இடங்களே இதற்கு உரியன. பொருத்திய பின்னர் பயோசினுட் சென்று எக்ஸ்.எம்.பி. என்னும் அமைப்பை இயக்கல் வேண்டும். இன்றேல் 3200க்கு விலை கொடுத்தவர் அதனினுங் குறைந்த வேகத்தையே பெறுவர். சேமிப்பகத்துக்கு என்.வி.எம்.இ. வகையான எம்.2 திண்மநிலைத் துண்டு தக்கது. எம்.2 என்பது வடிவத்தின் பெயர் மட்டுமே. அவ்வடிவிற் பழைய சாற்றா வகையும் விற்கப்படுதலின், பெட்டியின்மேல் எழுதியதை வாசித்து வாங்குக.

இனி, பலரும் புறக்கணிக்கும் உறுப்பைப் பற்றிக் கூறுவாம். அது வலுவழங்கியாகும். அது கெடும்போது தான்மட்டும் கெடாது, சில வேளைகளிற் பிற உறுப்புக்களையும் கெடுத்துச் செல்லும். உறையின்மேல் அச்சிட்ட வாற்றுத் தொகையை மட்டும் நம்பலாகாது. செயலியும் அட்டையும் உண்பது 12 உவோற்று வழியான மின்னையே. வலு என்பது அழுத்தத்தையும் ஓட்டத்தையும் பெருக்கிவருவது. ஆகவே 12 உவோற்று வழியில் 45 அம்பியர் தருவது 540 வாற்றுத் தரும். 25 அம்பியரே தருவது, மேலே 550 என எழுதியிருப்பினும், 300 வாற்றே தரும். மேற்கூறிய எடுத்துக்காட்டில் அட்டைக்கு 132 வாற்றும் செயலிக்கு 90 வாற்றுவரையும், ஏனையவற்றுக்கு 50 வாற்றும் எனக் கொள்ளின் மொத்தம் 272 வாற்று. ஆதலின் நேர்மையான 500 அல்லது 550 வாற்று வலுவழங்கி தாராளமாகப் போதும். 850 வாற்று வாங்குதல் வீண். 80 பிளஸ் என்னும் முத்திரை மின் வீணாகாமையைக் குறிப்பதேயன்றிக் காப்பின் உறுதியைக் குறிப்பதன்று. பெட்டியோடு இலவசமாகத் தரப்படும் வலுவழங்கியை நம்பாதிருத்தலே நலம். சில மலிவான வலுவழங்கிகளின் பின்புறத்தில் 115, 230 என இரு நிலையுள்ள ஆளி உண்டு. இலங்கையில் வழங்குவது 230 உவோற்று மின்னாதலின், ஆளி 115இல் நிற்க மின்னைச் செலுத்துவோர் அக்கணமே அதனை இழப்பர். நிலத்தொடுப்புள்ள மூன்று துளைச் செருகியையே பயன்படுத்துக. வலுவழங்கியின் மூடியை ஒருபோதும் திறத்தலாகாது. மின்னை அகற்றிய பின்னரும் அதன் கொள்ளளவிகளில் உயிர்க்கு ஊறு செய்யும் மின் தங்கி நிற்கும்.

பெட்டி முன்புறத்திற் காற்றுப் புகத்தக்கதாய், அட்டையின் நீளத்துக்கு இடமுடையதாய் இருப்பின் அமையும். கண்ணாடியால் முழுதும் மூடிய முகப்பு காட்சிக்கு இனிதாயினும், வெப்பமிக்க நாட்டில் உறுப்புக்களை வருத்தும்.

பயன்படுத்திய பொருளை வாங்குதல் இழிவன்று. பொருள் குறைந்தோர்க்கு அது நல்ல வழியேயாம். செயலியும் நினைவகமும் எளிதிற் பழுதுறா. அட்டையாயின் விளையாட்டொன்றை அரைமணி நேரம் ஓட்டி, விசிறியின் ஒலியையும் வெப்பநிலையையும் கண்டு வாங்கல் வேண்டும். எதீரியம் என்னும் நாணயத்தை அட்டைகளால் அகழும் முறை 2022ஆம் ஆண்டு செப்ரெம்பரில் முடிவுற்றபோது, ஓய்வின்றி உழைத்த அட்டைகள் பல சந்தைக்கு வந்தன என்பதை நினைவிற் கொள்க. வலுவழங்கியை மட்டும் புதிதாகவே வாங்குக. விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025ஆம் ஆண்டு ஒக்ரோபர் 14ஆம் நாள் முடிவுற்றது. இன்ரெலின் எட்டாந் தலைமுறைக்கு முற்பட்ட செயலிகளிற் பெரும்பாலானவை விண்டோஸ் 11இன் ஏற்புப் பட்டியலில் இல்லை. ஆதலின் மிகப் பழைய செயலி மலிவாகக் கிடைப்பினும் ஆராய்ந்தே கொள்ளல் வேண்டும்.

உறுப்புக்களைப் பல மாதங்களாக ஒவ்வொன்றாய் வாங்கிச் சேர்ப்பது நம்மவரிடையே காணப்படும் வழக்கம். இதிலொரு தீங்குண்டு. முதலில் வாங்கியதன் குறை, இறுதி உறுப்பு வந்து கணினி இயங்கும் நாளிலேயே வெளிப்படும். அதற்குள் மாற்றித்தரும் தவணை கழிந்துவிடும். பணத்தைச் சேர்த்துவைத்து, உறுப்புக்களைச் சில நாட்களுள் ஒருசேர வாங்கி, பெட்டிக்குள் அடக்குமுன் மேசைமேல் வைத்தே இயக்கிப் பார்த்தல் சிறந்த முறையாகும். திரையின் வடத்தைத் தாய்ப்பலகையிற் செருகாது வரைவியல் அட்டையிற் செருகுதலையும், 144 படங்கள் காட்டவல்ல திரையை இயங்குதள அமைப்பில் அவ்வெண்ணுக்கு மாற்றுதலையும் மறவற்க.

ஆற்றிற் போட்டாலும் அளந்து போடு என்பது நம் முன்னோர் மொழி. இக்கணினியை அமைக்கும் மாணவன் விளையாட்டின் பொருட்டே அதனைத் தொடங்கினும், பங்கிடுதல், பொருத்தம் பார்த்தல், எழுதியதை வாசித்துத் தெளிதல், வாங்குமுன் வினவுதல் என்பவற்றை அதன்வழிப் பழகிக்கொள்கின்றான். பழுதுற்ற நாளிற் பிறர் கையை எதிர்பாராது தானே மூடியைக் கழற்றிக் காரணம் காணும் துணிவும் அவனுக்கு உண்டாகும். செலவிட்ட பொருளுக்கு ஈடான பயன் அதுவே.