மருத்துவமனைப் பாக்கியும் கடன் தகவல் அறிக்கையும்

ஹைதராபாத்தின் ஹப்சிகுடாவில் வசிக்கும் ஒரு தமிழ்க் குடும்பத்தை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். தாயாருக்கு மூட்டு மாற்று அறுவை சிகிச்சை நடக்கிறது. காப்பீடு போக எஞ்சிய 1,80,000 ரூபாயை, மருத்துவமனையின் கட்டணப் பிரிவிலேயே 12 மாதத் தவணையாக மாற்றித் தருகிறார்கள். மகன் கையொப்பமிடுகிறார். பதினொரு தவணைகள் ஒழுங்காகச் சென்றபின், வங்கிக் கணக்கை மாற்றியதால் கடைசித் தவணை நின்றுபோகிறது. கைபேசி எண்ணும் மாறிவிட்டமையால் நினைவூட்டல்கள் எவையும் அவரை எட்டவில்லை. ஈராண்டுகள் கழித்து வீட்டுக் கடனுக்கு விண்ணப்பிக்கும்போதுதான் அந்த 15,000 ரூபாய் தலைகாட்டுகிறது. “ஆஸ்பத்திரி பாக்கி என் சிபில் அறிக்கையில் எப்படி வந்தது?” என்று அவர் திகைப்பது இயல்பே.

உண்மையில் அது ஆஸ்பத்திரி பாக்கி அன்று. நம் நாட்டில் டிரான்ஸ்யூனியன் சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹை மார்க் என நான்கு கடன் தகவல் நிறுவனங்கள் இயங்குகின்றன. 2005ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அவற்றுக்குக் கடன் விவரங்களை அளிப்பவை வங்கிகள், வங்கிசாரா நிதி நிறுவனங்கள் முதலிய கடன் வழங்கும் அமைப்புகளே. மருத்துவமனை அவ்வரிசையில் இல்லை. கட்டணம் வராவிடில் அது நீதிமன்றத்தை நாடலாம். உங்கள் மதிப்பெண்ணைத் தொட இயலாது.

அமெரிக்காவில் நிலை வேறு. அங்கே மருத்துவமனைப் பாக்கி வசூல் முகமைகளின் வழியாக அறிக்கையில் ஏறிவிடுகிறது. 500 டாலருக்குக் குறைவான பாக்கிகள் 2023 ஏப்ரலில் நீக்கப்பட்டன. எல்லா மருத்துவப் பாக்கிகளையும் நீக்க முனைந்த அரசு விதியை 2025 ஜூலையில் நீதிமன்றம் ரத்து செய்தது. ஆகவே அங்கிருக்கும் பிள்ளைகள் அன்போடு அனுப்பும் யோசனைகள் இங்கே பொருந்துவதில்லை.

நம் எடுத்துக்காட்டில் மகன் கையொப்பமிட்டது ஒரு நிதி நிறுவனத்தின் கடன் ஒப்பந்தம். தொகை நேரே மருத்துவமனைக்குச் சென்றுவிடுவதால், கடன் வாங்கிய உணர்வே பலருக்கு எழுவதில்லை. சிகிச்சை தாயாருக்கேயாயினும், பதிவு கையொப்பமிட்டவரின் பெயரில்தான். கடன் அட்டையில் கட்டணம் செலுத்தியோருக்கும் இது பொருந்தும்: கெடு நாள் கடந்து மூன்று நாட்களுக்கு மேலானால் அது தாமதமாகப் பதியப்படலாம். காப்பீட்டுத் தொகை பின்னர் வரும் என்று காத்திருப்போர் கவனிக்க வேண்டும். காப்பீட்டு நிறுவனம் தாமதித்தாலும் தவணை நாள் தள்ளிப்போவதில்லை.

ஆகவே முதற்பணி, அறிக்கையைப் பெற்றுக் கடன் கொடுத்தவர் யார் எனக் காண்பது. நான்கு நிறுவனங்களும் ஆண்டுக்கு ஒருமுறை முழு அறிக்கையை, மதிப்பெண்ணுடன், கட்டணமின்றித் தர வேண்டும். நிலுவை உண்மையெனில் முழுவதையும் செலுத்தி, நிலுவை இல்லாச் சான்றிதழைப் பெறுங்கள். “பாதி கட்டினால் போதும், முடித்துவிடலாம்” என்று வசூல் முகவர் கூறக்கூடும். கவர்ச்சியான சொல்தான். ஆனால் அவ்வாறு முடித்த கணக்கு “குளோஸ்டு” என்றன்றி “செட்டில்டு” என்றே பதியப்படும். அடுத்துக் கடன் தருபவர் அதைக் குறையாகவே காண்பார். கையில் வேறு வழியே இல்லாதவர் அதனை ஏற்பதில் தவறில்லை. 15,000 ரூபாய்க்காக ஒரு வீட்டுக் கடனைப் பணயம் வைப்பது வீண்.

பதிவு தவறாகவும் இருக்கலாம். சிகிச்சை ரத்தாகி, மருத்துவமனை பணத்தைத் திருப்பிய பின்னும் கடன் கணக்கு மூடப்படாமல் கிடப்பதுண்டு. அப்போது கடன் தகவல் நிறுவனத்திடமோ கடன் கொடுத்தவரிடமோ எழுத்துவழிப் புகார் அளியுங்கள். 30 நாட்களுக்குள் தீர்வு வராவிடில், அதன்பின் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு பெற உரிமையுண்டு. 2024 ஏப்ரல் 26 முதல் இது நடைமுறையில் உள்ளது. அதற்கும் பயனில்லையெனில் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரைக் கட்டணமின்றி அணுகலாம். அறிக்கையை ஒரே நாளில் தூய்மையாக்கித் தருவதாகப் பணம் கேட்போரிடம் எச்சரிக்கையாக இருங்கள். உண்மையான தாமதப் பதிவை எவராலும் அழிக்க இயலாது.

ஹப்சிகுடா மகன் நிலுவையையும் தாமதக் கட்டணத்தையும் செலுத்திவிட்டால், சான்றிதழின் நகலை வீட்டுக் கடன் விண்ணப்பத்துடன் கிளையில் உடனே அளிக்கலாம். 2025 ஜனவரி முதல் கடன் விவரங்கள் குறைந்தது பதினைந்து நாட்களுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படுவதால், கணக்கு மூடப்பட்ட செய்தி அறிக்கையில் ஏற முன்போல் நெடுநாள் ஆகாது.