எட்டு விநாடியில் எட்டயபுரம்!

டிசம்பர் 11 நெருங்கினால் பள்ளிக்கூடங்களில் முண்டாசுக்கும் ஒட்டுமீசைக்கும் கிராக்கி வந்துவிடும். மாறுவேடம் போதாதென்று, 'பாரதியைப் பற்றிக் குறும்படமே எடுத்தால் என்ன?' என்று உங்கள் வீட்டுப் பிள்ளையும் கேட்கலாம். கையில் போன் இருக்கிறது. நாலு வரி எழுதிக் கொடுத்தால் வீடியோவாக்கித் தரும் ஏ.ஐ. கருவிகளும் இருக்கின்றன.

கூகுளின் 'வியோ 3' 2025 மே மாதம் வந்தது. அதில் 'ஃபாஸ்ட்' என்று ஒரு வகை உண்டு. தரத்தில் கொஞ்சம் விட்டுக்கொடுத்து, குறைந்த செலவில், சீக்கிரமாக எட்டு விநாடி கிளிப் ஒன்றைத் தந்துவிடும். இதை வைத்து முழுப் படமும் எடுத்துவிடலாம் என்று கிளம்பாதீர்கள். ரஃப் நோட்டாக வைத்துக்கொண்டால் நல்ல பலன் உண்டு.

எட்டயபுரம் அரசவையில் 11 வயது சுப்பையா 'பாரதி' பட்டம் பெறும் காட்சியையே எடுத்துக்கொள்வோம். புலவர்களின் முகத்தில் தொடங்குவதா, பையனின் விரல்களில் தொடங்குவதா? கேமரா அவன் பின்னாலேயே போகுமா, வாசலில் நின்று பார்க்குமா? முன்பெல்லாம் இதைக் கட்டம் கட்டமாகப் பென்சிலால் வரைந்து பார்ப்பார்கள். வரைய வராதவர்கள் ஷூட்டிங் நாளில் திண்டாடுவார்கள். இப்போது நாலு விதமாகப் பார்த்துவிட்டு, ஒன்றை முடிவு செய்யலாம். ஆனால், ஒரு தடவைக்கு ஒரு மாற்றம்தான். வெளிச்சம், உடை, கேமரா எல்லாவற்றையும் சேர்த்து மாற்றினால் எது காட்சியைக் கெடுத்தது என்றே தெரியாது. கிரெடிட்தான் கரையும்!

'தமிழ்நாட்டுக் கிராமம்' என்று மொட்டையாகக் கேட்டால் தென்னந்தோப்பும் பச்சை வயலும் வந்து நிற்கலாம். எட்டயபுரம் கரிசல் பூமி. கோடையில் பாளம் பாளமாக வெடித்து, மழை பெய்தால் செருப்போடு அப்பிக்கொள்ளும் கறுப்பு மண். பருத்தி, கம்பு, சோளம், உளுந்து விளையும் மானாவாரிக் காடு. இதையெல்லாம் நீங்கள்தான் எழுதிக் கொடுக்க வேண்டும். இந்த வட்டார வழக்குக்கென்றே அகராதி தொகுத்தவர் பக்கத்து இடைசெவலைச் சேர்ந்த கி.ராஜநாராயணன். ஆனால், 'உடைமரம்' என்றால் ஏ.ஐ. முழிக்கலாம்; 'முள் நிறைந்த குட்டை மரம்' என்று விளக்குவது நல்லது.

சிறுவனுக்கே மீசையும் தலைப்பாகையும் வைத்துவிட்டால் சிரித்துவிட்டு அழித்துவிடுங்கள். அவையெல்லாம் அவர் காசிக்குப் போன பிறகு வந்தவை.

சிரிக்க முடியாத விஷயம் ஒன்று உண்டு. 1921-ல் மறைந்த பாரதியின் நிஜப் புகைப்படங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அவர் நடப்பதையோ பேசுவதையோ காட்டும் படச்சுருள் நம்மிடம் இல்லை. 'எப்படி இருக்கு?' என்று நீங்கள் குடும்ப குரூப்பில் போடும் ஒத்திகை கிளிப், நாலு கை மாறினால் 'பாரதியின் அரிய வீடியோ' ஆகிவிடும். தாத்தா கண்கலங்கி அதை இன்னும் பத்துப் பேருக்கு அனுப்புவார். அவரைக் குற்றம் சொல்ல முடியுமா? கூகுள் தன் வீடியோக்களுக்குள் பதிக்கும் 'சிந்த்ஐடி' முத்திரையோ கண்ணுக்கே தெரியாது. அதனால், 'ஏ.ஐ. ஒத்திகை' என்று படத்தின் மேலேயே பெரிதாக எழுதிவிடுங்கள். கீழே எழுதும் குறிப்பு, ஃபார்வர்டில் காணாமல் போய்விடும்.

காட்சி முடிவானதும் நிஜக் கேமராவுக்கு வாருங்கள். எட்டயபுரத்தில் பாரதி பிறந்த வீடு நினைவில்லமாக இருக்கிறது. கல்கியின் முயற்சியில் எழுந்து, 1947-ல் ராஜாஜி திறந்துவைத்த மணிமண்டபமும் அதே ஊரில்தான். இரண்டு இடங்களிலும் அனுமதி கேட்டுக்கொண்டு எடுங்கள். சுப்பையாவாக நடிக்க வகுப்பிலேயே ஒரு பையன் கிடைப்பான். அரசவைக்குப் பள்ளி மேடை போதும். கரிசல்காட்டுக் காட்சிகளை மட்டும் வெயில் ஏறுவதற்குள், காலையிலேயே எடுத்துவிடுங்கள்.