கண்ணாடியிழைப் படகின் உள்நோய்

சங்கரன்கோவிலை அடுத்த திருவேங்கடத்தில் மழையில் நனைந்த மாட்டுவண்டி, கரிசற்காட்டு வெயிலில் விரைவில் உலர்ந்துவிடும். கண்ணாடியிழைப் படகினுள் இருக்கும் மரத்திற்கோ அந்தப் பேறு இல்லை. கண்ணாடியிழைப் படகில் மரமேது என்று கேட்பீர்கள். 2004ஆம் ஆண்டு ஆழிப்பேரலைக்குப் பின் நம் கடற்கரைகளில் பெருகிய இவ்வகைப் படகுகள் பலவற்றில், எந்திரத்தைத் தாங்கும் பின்சுவரினுள்ளே ஒட்டுப்பலகை மறைந்திருக்கின்றது.

திருகாணித் துளைவழியே நீர் புகுந்தால், காக்க வேண்டிய உறையே அதனை வெளியேறவொட்டாமல் சிறைப்படுத்துகின்றது. மரத்தை உளுக்கச் செய்யும் பூஞ்சைக்கு உப்புநீரைக் காட்டிலும் மழைநீரே உகந்தது என்பது வியப்பன்றோ! மரத்தின் ஈரம் அதன் உலர் எடையில் 20 விழுக்காட்டுக்குக் குறைந்திருப்பின் பூஞ்சை வளராது.

தட்டிப் பார்க்கையில் மந்தமான ஓசை எழுமிடத்தை ஐயுற வேண்டும். மேற்பூச்சால் மறைப்பது வீண். நடுக்கடலில் பின்சுவர் எந்திரத்தோடு பெயர்ந்தால் உயிருக்கே இடர். ஆகையால் உட்புற உறையை அறுத்தெடுத்து, உறுதியான மரம் தென்படும்வரை செதுக்குதல் வேண்டும். (இழைத்தூள் நுரையீரலுக்கு ஆகாது, மூக்கையும் வாயையும் மூடிக்கொள்க.) பிறகு நன்கு உலர்த்த வேண்டும். அவசரக்காரர் தவறுவது இங்கேதான். ஈரமரத்தில் பிசின் பற்றாது. உலர்ந்தபின் புதிய ஒட்டுப்பலகையை எப்பாக்சிப் பிசினால் பொருத்தி, கண்ணாடியிழைப் பாயை அடுக்கடுக்காகப் படியவைப்பர்.

எஞ்சியது துளை. அதனைச் சற்றுப் பெரிதாகவே இட்டு, பிசினால் நிரப்பி, இறுகியபின் நடுவே மீண்டும் துளைத்தால், திருகாணியைச் சுற்றிப் பிசின் சுவராக நிற்கும். மரத்தை நீர் தீண்டாது.