சோதனைக்குப் பின்பே சாதனம்: கடலூர், சிதம்பரம் வீடுகளின் குழாய் ஜலம்

கெடிலமும் தென்பெண்ணையும் கடலோடு கலக்கும் கடலூருக்கும், வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே அமைந்த சிதம்பரத்துக்கும் தூரம் அதிகமில்லை. ஆயினும் இவ்விரு ஊர்களின் வீடுகளில் வந்து விழும் ஜலத்தின் குணம் தெருவுக்குத் தெரு, சில இடங்களில் ஒரே வீட்டின் நகராட்சிக் குழாய்க்கும் போர் குழாய்க்கும் இடையிலேயே, மாறிவிடுகிறது. கிள்ளை, பரங்கிப்பேட்டைப் பக்கம் கடலின் உப்பு நிலத்தடியில் ஏறியிருக்கும். உள்நாட்டுப் போர் தண்ணீரில் பருப்பு வேகாத கடினத்தன்மை இருக்கும். ஆற்று நீர் வந்து சேரும் குழாய்களிலோ உப்பு குறைவாகவும், மழைக்காலத்தில் கலங்கலும் கிருமியும் கூடுதலாகவும் இருக்கும். இத்தனை வேற்றுமைக்கும் பரிகாரமாக எல்லா வீடுகளிலும் சவ்வின் வழியே உப்பை நீக்கும் ஒரே விதமான ஆர்.ஓ. இயந்திரம் சுவரில் மாட்டப்படுவதைக் காணும்போது, மக்களின் பணத்தைக் குறித்து எழும் கவலையைக் காட்டிலும் அவர்களுடைய ஆரோக்கியத்தைக் குறித்து எழும் கவலையே எனக்கு அதிகமாகிறது.

கவலைக்குக் காரணம் உண்டு. கடலூர் சிப்காட் தொழிற்பேட்டையை அடுத்த பகுதியை, மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2009-ஆம் ஆண்டின் மதிப்பீட்டில் 77.45 புள்ளிகளுடன் மிகக் கடுமையாக மாசடைந்த இடங்களின் வரிசையில் வைத்தது. அடுத்த ஆண்டின் தொடக்கத்தில், அத்தகைய இடங்களில் தொழிற்சாலை விஸ்தரிப்புக்கே மத்திய அரசு தற்காலிகத் தடை விதிக்க நேர்ந்தது. தொழிற்பேட்டையை ஒட்டிய குடிகாடு, ஈச்சங்காடு போன்ற கிராமங்களில் வாழும் ஒரு குடும்பம் அறிய வேண்டிய விஷயமும், சிதம்பரம் சந்நிதித் தெருவில் வாழும் ஒரு குடும்பம் அறிய வேண்டிய விஷயமும் ஒன்றாக இருக்க முடியாது.

இந்த அறியாமையைத்தான் சில விற்பனையாளர்கள் தங்களுக்குச் சாதகமாக்கிக்கொள்கிறார்கள். வீட்டுக்குள் வந்து, ஒரு டம்ளரில் நம் குழாய் ஜலத்தையும் மற்றொன்றில் தங்கள் இயந்திரத்தின் ஜலத்தையும் ஊற்றி, இரண்டிலும் உலோகக் கம்பிகளை இறக்கி மின்சாரம் பாய்ச்சுவார்கள். நம் ஜலம் செம்பழுப்பாகத் திரண்டுவிட, அவர்களுடையது தெளிவாகவே நிற்கும். பார்த்த குடும்பத் தலைவி நடுங்கிப் போவது இயல்பே. உண்மையில் அந்தப் பழுப்பு ஜலத்திலிருந்த அழுக்கு அன்று. ஜலத்தில் கரைந்த உப்பு மின்சாரத்தைக் கடத்துவதால் கம்பியின் இரும்பு அரித்து வெளிவருவதே அது. உடம்புக்கு வேண்டிய சுண்ணாம்புச் சத்துள்ள நல்ல குடிநீரிலும் அந்த நிறம் தோன்றும். டி.டி.எஸ். பேனா என்று நீட்டப்படும் கருவியும் கரைந்த உப்புகளின் மொத்த அளவை மதிப்பிட்டுச் சொல்லுமேயன்றி, கிருமி உண்டா, ஈயம் உண்டா, பூச்சிமருந்து உண்டா என்று சொல்ல அதனால் இயலாது. சிப்காட் ஓரத்துக் கிணற்று ஜலம் அந்தப் பேனாவில் தேர்ச்சி பெற்றும் குடிக்கத் தகாததாக இருக்கலாம்.

மேல்நாடுகளில் பீரை வீட்டிலேயே காய்ச்சுகிறவர்கள் ஜலத்தின் விஷயத்தில் காட்டும் நிதானத்தை இவ்விடத்தில் எண்ணிப் பார்க்கலாம். செக் நாட்டின் பில்சன் நகரத்து மென்மையான நீரும், இங்கிலாந்தின் பர்ட்டன் நகரத்து ஜிப்சம் மிகுந்த கடின நீரும் வெவ்வேறு பானங்களைப் புகழ்பெறச் செய்தன என்பதை அவர்கள் அறிவார்கள். குழாய் ஜலத்தின் குளோரின் மிஞ்சினால் பானத்தில் மருந்து வாடை ஏறும் என்பதால், முதலில் நகரத்தின் நீர்ப் பரிசோதனை அறிக்கையை வாங்கிப் படித்து, அதன் பிறகே கரியில் வடிப்பதா, உப்பு நீக்குவதா என்று தீர்மானிக்கிறார்கள். நம் மாநிலத்தில் 1937-ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டப்படி அனுமதியின்றி வீட்டில் மது தயாரிப்பது தண்டனைக்குரிய குற்றம். சொந்த உபயோகத்துக்கென்று சொல்வதும் காப்பாற்றாது. ஆனால் ஒரு பானத்தின் ருசிக்காக அவர்கள் செய்யும் பரிசோதனையை, குழந்தைக்குக் கஞ்சி காய்ச்சும் ஜலத்துக்கு நாம் செய்யாமலிருப்பது எவ்விதத்திலும் நியாயமாகாது.

இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் ஐ.எஸ். 10500 என்னும் குடிநீர்த் தரம், கரைந்த உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராம், கடினத்தன்மை 200, குளோரைடு 250 என்ற அளவுகளை ஏற்கத்தக்கவை என்கிறது; வேறு ஆதாரமே இல்லாத இடத்தில் முறையே 2000, 600, 1000 வரை அனுமதிக்கிறது. உப்பு 500-க்குக் கீழிருந்து, சோதனையில் உலோகமோ ரசாயன மாசோ தென்படாவிட்டால் ஆர்.ஓ. அவசியமில்லை. ஒரு லிட்டர் கொடுப்பதற்குப் பெரும்பாலும் இரண்டு மூன்று லிட்டரைச் சாக்கடையில் விடும் அந்த இயந்திரத்தை, இவ்வளவு உப்புக் குறைந்த ஜலத்துக்குப் பயன்படுத்துவதைத் தடை செய்யுமாறு தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2019 மே மாதத்திலேயே மத்திய அரசைப் பணித்தது. வேறு மாசில்லாத அத்தகைய ஜலத்துக்கு வடிகட்டுதலும், நன்றாகக் கொதிக்க வைத்தலும் போதுமானவை. ஆனால் கொதிக்க வைப்பது கிருமியைத்தான் கொல்லும். உப்பும் உலோகமும் ஆவியாகாமல் தங்கி, வற்ற வற்றச் செறிவு கூடும். கரி வடிகட்டி குளோரினையும் ரசாயன வாடைகள் பலவற்றையும் பிடித்துக்கொள்ளும். உரிய காலத்தில் மாற்றாவிட்டால் அதுவே கிருமி வளரும் இடமாகிவிடும். புற ஊதா விளக்கு கலங்கலற்ற ஜலத்தில் மட்டுமே பயன் தரும். நம் முன்னோர் பானையின் உட்புறம் தேய்த்த தேற்றாங்கொட்டையும் கலங்கலைப் படியவைக்குமேயன்றிக் கிருமியைப் போக்கியதாகக் கொள்ளக்கூடாது.

2015-ஆம் ஆண்டின் வெள்ளத்தைக் கண்ட மாவட்டத்துக்கு இதையும் சொல்ல வேண்டும்: வெள்ளம் வடிந்தபின் தொட்டியைக் கழுவி நிரப்பி, 1000 லிட்டருக்கு 2.5 கிராம் நல்ல பிளீச்சிங் பவுடரை ஒரு வாளி ஜலத்தில் கரைத்து, தெளிந்த மேல்நீரை மட்டும் தொட்டியில் சேர்த்து, ஒரு மணி நேரம் கழித்து உபயோகிக்கலாம். கலங்கிய ஜலத்தில் இம்மருந்து வீணாகும். நகராட்சிக் குழாயின் முனையில் குளோரின் லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராமாவது எஞ்சியிருக்க வேண்டும். இலேசான அந்த வாடையைக் கண்டு அஞ்சுவதைக் காட்டிலும், அது அறவே இல்லாமற் போவதைக் கண்டு அஞ்சுவதே பொருத்தம்.

பரிசோதனை எங்கே என்று கேட்பவர்களுக்கு விடை எளிது. தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் கட்டணம் செலுத்தித் தனியாரும் ஜலத்தைச் சோதிக்கலாம். ரசாயனச் சோதனைக்குக் குழாயைச் சில நிமிஷம் ஓடவிட்டு, அதே ஜலத்தால் கேனை மும்முறை அலம்பிப் பிடிக்க வேண்டும். கிருமிச் சோதனைக்கோ ஆய்வகம் தரும் கிருமி நீக்கிய பாட்டிலில் பிடித்து, குளிர்ச்சியாக வைத்து, ஒரு நாளுக்குள் சேர்ப்பிக்க வேண்டும். தொழிற்சாலைப் பக்கத்தில் வாழ்பவர்கள் உலோகங்களுக்கான சோதனையைத் தனியாகக் கேட்டுப் பெறாமல் திரும்பக்கூடாது.

இவையெல்லாம் சலுகைகள் அல்ல. மாசற்ற நீரும் காற்றும் அரசியல் சாசனத்தின் 21-ஆம் பிரிவு தரும் உயிர் வாழும் உரிமையில் அடங்கும் என்று உச்ச நீதிமன்றம் 1991-இல் சுபாஷ் குமார் வழக்கில் கூறியது. நல்ல குடிநீர் வழங்கும் கடமையை 1939-ஆம் ஆண்டின் பொது சுகாதாரச் சட்டம் ஸ்தல ஸ்தாபனங்களின்மேல் சுமத்துகிறது. உங்கள் தெருவுக்கு வரும் ஜலத்தின் கடைசிப் பரிசோதனை அறிக்கையைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி பத்து ரூபாய்க் கட்டணத்தில் கேட்டால், 30 நாட்களுக்குள் மாநகராட்சியோ நகராட்சியோ பதில் தர வேண்டும். கம்பி வித்தை காட்டி இயந்திரம் விற்றவர்மீது 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும், அதன் பின் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலும் புகார் செய்யலாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான கொள்முதலுக்குக் கட்டணமே கிடையாது, இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு, பில்லை மட்டும் பத்திரப்படுத்த வேண்டும். ஆலைக் கழிவினால் கிணறு கெட்டவர்கள் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திடம் எழுத்து மூலம் முறையிட்டு, பயனில்லையேல் சென்னையிலுள்ள பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வை நாடலாம். கிராமங்களில் உலக நீர் தினமான மார்ச் 22-இல் கூடும் கிராம சபையில், ஊரின் ஒவ்வொரு ஆதாரத்தின் பரிசோதனை அறிக்கையும் உரக்க வாசிக்கப்பட்டுத் தீர்மானப் புத்தகத்தில் பதியப்பட வேண்டும் என்று கேட்பதற்கு, வாக்காளர் பட்டியலில் பெயருள்ள எவருக்கும் உரிமை உண்டு.