256 பேர் மோதிய கேம் எங்கே போனது? ஆன்லைன் ஷூட்டர்களைக் கட்டிப்போடுவது கன்சோலா, கம்பெனியா?

'புது கன்சோல் வாங்கினா இன்னும் நிறைய பேரோட ஆன்லைன்ல விளையாடலாம்ப்பா!' அரை லட்சம் ரூபாய் செலவுக்கு அடிபோடும் பிள்ளைகள் அடுக்கும் காரணங்களில் இதுவும் ஒன்று. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. பெட்டி பெரிதானால் போர்க்களமும் பெரிதாகத்தானே வேண்டும்?

அப்படி நடக்கவில்லை என்பதுதான் சுவாரஸ்யம். ஒரே களத்தில் எத்தனை பேர் மோதலாம் என்பதைத் தீர்மானிப்பது டி.வி-க்குக் கீழே இருக்கும் பெட்டியா, கேமை உருவாக்கும் நிறுவனத்தின் ஆள்பலமும் பணபலமுமா? கேமர்கள் மத்தியில் பல வருடங்களாக ஓயாத பட்டிமன்றம் இது. இரண்டு தரப்பையும் கொஞ்சம் விசாரித்துப் பார்க்கலாம்.

பெட்டி ஒன்று, கணக்கு இரண்டு!

2010 ஜனவரியில் பிளேஸ்டேஷன் 3-க்கு 'மேக்' என்றொரு துப்பாக்கிச் சண்டை கேம் வந்தது. சோனிக்குச் சொந்தமான ஸிப்பர் இன்டராக்டிவ் நிறுவனத்தின் தயாரிப்பு. ஒரு பக்கம் 128 பேர், எதிர்ப்பக்கம் 128 பேர். மொத்தம் 256 பேர் ஒரே போட்டியில்! கின்னஸ் புத்தகத்திலும் இடம்பிடித்தது.

அடுத்த ஆண்டே ஸ்வீடனைச் சேர்ந்த டைஸ் நிறுவனத்தின் 'பேட்டில்ஃபீல்ட் 3' வெளியானது. கம்ப்யூட்டரில் விளையாடினால் 64 பேர். அதே பிளேஸ்டேஷன் 3-ல் விளையாடினால் வெறும் 24 பேர். பெட்டி மாறவில்லை. அப்புறம் எப்படி ஒன்றில் 256, இன்னொன்றில் 24?

இதைப் புரிந்துகொள்ள ஒரு சின்ன கணக்கு போட வேண்டும். நீங்கள் ஓர் அடி நகர்ந்தால், அந்தத் தகவல் களத்தில் இருக்கும் மற்ற அனைவருக்கும் போய்ச் சேர வேண்டும். 24 பேர் என்றால், ஒவ்வொருவரின் அசைவும் மற்ற 23 பேருக்கு. அதாவது, 552 தகவல்கள். 64 பேர் என்றால் 4,032. 256 பேர் என்றால் 65,280! ஆட்கள் இரட்டிப்பானால் வேலை கிட்டத்தட்ட நான்கு மடங்காகிறது. இது ஒரு முறைக்கான கணக்கு. ஒரு விநாடிக்குள் இது பல முறை நடக்க வேண்டும்.

ஸிப்பர் இதைச் சமாளிக்க, களத்தையே பங்குபோட்டது. 8 பேர் ஒரு குழு, 4 குழுக்கள் சேர்ந்து 32 பேர் கொண்ட ஒரு பிரிவு, அப்படி 4 பிரிவுகள் ஒரு படை. ஒவ்வொரு பிரிவுக்கும் தனித்தனி முனை. எனவே, 256 பேரும் ஒரே இடத்தில் குவிவது அரிது. கண்ணுக்கெட்டாத தூரத்தில் இருப்பவரின் ஒவ்வோர் அசைவும் உங்களுக்கு எதற்கு? இதோடு, போட்டிகளை நடத்தத் தனி சர்வர்கள் இருந்தன. அந்தக் காலத்தில் பல கன்சோல் கேம்கள், விளையாடுபவர்களில் ஒருவரின் கன்சோலையே சர்வராகப் பயன்படுத்திக்கொண்டிருந்தன. அவர் வீட்டு இன்டர்நெட் திணறினால் எல்லோருக்கும் திணறல்.

பேட்டில்ஃபீல்ட் தன் சக்தியை வேறு பக்கம் செலவழித்தது. இடிந்து விழும் சுவர்கள், டாங்கிகள், போர் விமானங்கள், மிரட்டும் கிராஃபிக்ஸ். இவை ஒவ்வொன்றுக்கும் மெமரி வேண்டும், பிராசஸர் வேண்டும். பிளேஸ்டேஷன் 3-ன் மெமரியோ 256 எம்பி-யும் 256 எம்பி-யுமாக மொத்தமே 512 எம்பி. இன்றைய சாதாரண செல்போனில் இருப்பதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. வீட்டு பட்ஜெட் மாதிரிதான். இருக்கும் பணத்தில் எதற்கு முதலிடம் என்பதை வீட்டுக்காரர்கள்தான் முடிவு செய்ய வேண்டும்.

பெட்டியும் சும்மா இல்லை

அதற்காக ஹார்டுவேர் வெறும் சாக்கு என்று தள்ளிவிடவும் முடியாது. 2013-ல் 8 ஜிபி மெமரியோடு பிளேஸ்டேஷன் 4 வந்ததும், 'பேட்டில்ஃபீல்ட் 4' கன்சோலிலும் 64 பேரை எட்டியது. 2021-ல் 'பேட்டில்ஃபீல்ட் 2042' வந்தபோது பிளேஸ்டேஷன் 5-ல் 128 பேர். பழைய பிளேஸ்டேஷன் 4-ல் அதே கேமில் 64 பேர் மட்டுமே. இங்கே சுவர் எழுப்பியது பெட்டிதான்.

ஆனால், கதை அங்கே முடியவில்லை. 128 பேர் வந்ததும் கூச்சலும் குழப்பமும்தான் மிச்சம் என்று பலர் அலுத்துக்கொண்டார்கள். மைதானம் பெரிது, நடப்பதற்கே பாதி நேரம் போய்விடுகிறது என்பது இன்னொரு புகார். 2022-ல் அந்த கேமின் 'பிரேக்த்ரூ' பிரிவை மீண்டும் 64 பேருக்கே குறைத்தது டைஸ். 2025-ல் வந்த 'பேட்டில்ஃபீல்ட் 6' பழைய கன்சோல்களைக் கைவிட்டுவிட்டு, புதியவற்றுக்கு மட்டுமே வந்தது. ஆனால், அதிலும் 64 பேர்தான்! 128 பேரை ஏற்கெனவே தாங்கிக் காட்டிய பெட்டி அது. தடை இப்போது ஹார்டுவேர் இல்லை. எது ரசிக்கும்படி இருக்கும் என்ற தீர்மானம்.

பப்ஜி சொல்லும் பாடம்

நம் ஊரில் எல்லோருக்கும் தெரிந்த உதாரணம், பப்ஜி. 100 பேர் பாராசூட்டில் குதிக்கும் இந்த கேம் 2017 டிசம்பரில் எக்ஸ்பாக்ஸ் ஒன்னுக்கு வந்தபோது, படம் திக்கித் திணறுகிறது என்று விமர்சனங்கள் எழுந்தன. சில மாதங்களிலேயே அதே 100 பேர் ஆட்டம் செல்போனுக்கு வந்து, நம் தெருமுனை வரை பரவியது.

கன்சோலே திணறியதை செல்போன் எப்படிச் சமாளித்தது? சீனாவின் டென்சென்ட் நிறுவனத்தின் குழு, செல்போனுக்கென்றே அந்த கேமைத் திரும்பக் கட்டியது. கிராஃபிக்ஸைக் குறைத்தார்கள். பல ஆட்டங்களில் நிஜ ஆட்களோடு கம்ப்யூட்டரே இயக்கும் 'பாட்'களையும் இறக்கினார்கள். திறமையான ஆட்களும் செலவழிக்கப் பணமும் இருந்தால், சின்ன பெட்டியிலும் பெரிய போரை நடத்தலாம்.

பூட்டிய சர்வர், வீணான டிஸ்க்

சரி, 256 பேர் மோதிய 'மேக்' என்னவாயிற்று? 2012-ல் ஸிப்பர் நிறுவனமே மூடப்பட்டது. 2014 ஜனவரியில் சர்வர்களும் நிறுத்தப்பட்டன. தனியாக விளையாடும் பகுதி அதில் கிடையாது. எனவே, காசு கொடுத்து வாங்கிய டிஸ்க் அன்றோடு வெறும் பிளாஸ்டிக் தட்டு. பிளேஸ்டேஷன் 3 நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது.

பெரிய ஆன்லைன் கேமின் உண்மையான செலவு, அது வெளியான பிறகுதான் ஆரம்பிக்கிறது. சர்வர் வாடகை, ஏமாற்றுக்காரர்களைப் பிடிக்கும் வேலை, புதிய களங்கள் என மாதாமாதம் பணம் கரையும். இத்தனைக்கும் மேல், களம் நிரம்ப ஆட்கள் வேண்டும். 2024 ஆகஸ்ட்டில் வந்த சோனியின் 'கான்கார்ட்', பக்கத்துக்கு 5 பேர் மட்டுமே மோதும் ஷூட்டர். ஓடியது சக்தி வாய்ந்த பிளேஸ்டேஷன் 5-ல். போதிய கூட்டம் சேராததால், இரண்டே வாரங்களில் இழுத்து மூடி, பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். அந்தப் பணம் எல்லா கேமிலும் திரும்பி வருவதில்லை. 'தி க்ரூ' என்ற கார் பந்தய கேமின் சர்வர்கள் 2024-ல் மூடப்பட்டதும் எழுந்த கோபம், 'ஸ்டாப் கில்லிங் கேம்ஸ்' என்ற இயக்கமானது. ஐரோப்பாவில் அதன் மனுவில் 10 லட்சத்துக்கும் அதிகமானோர் கையெழுத்திட்டார்கள்.

ஆக, பட்டிமன்றத்துக்குத் தீர்ப்பு என்ன? பெட்டி ஓர் எல்லையைப் போடுகிறது. அந்த எல்லைக்குள் எவ்வளவு தூரம் போகலாம் என்பதையும், அங்கே எத்தனை வருடம் நிற்கலாம் என்பதையும் முடிவு செய்வது நிறுவனமும் அதன் பணமும்தான்.

அதனால், அடுத்த முறை வீட்டில் இந்தப் பேச்சு எழுந்தால், 'இதில் எத்தனை பேர் விளையாடலாம்?' என்பதோடு இன்னும் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். இன்டர்நெட் இல்லாமல், தனியாக விளையாட ஏதாவது இருக்கிறதா? ஆன்லைனில் ஆடத் தனிச் சந்தா கட்ட வேண்டுமா? இதே நிறுவனம் தன் பழைய கேம்களின் சர்வர்களை எத்தனை வருடம் ஓடவிட்டது? பதில் திருப்தியாக இருந்தால், தாராளமாக வாங்கிக் கொடுங்கள்!